வின்ஸ் யங்கும் ஏழு மணி பிராக்டிஸும்

அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி நான் எழுதுவேன் என்று ரெண்டு வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு ஏன்டா ஃபுட்பால் என்று பேர் வைத்தீர்கள் என்று கேட்கிற கோஷ்டியில்தான் நானும் இருந்தேன். இப்போதும் முழு விதிமுறையும் தெரியாது. ஆனால் ஒரு ஆளைப் பற்றி மட்டும் இந்த சம்மர் முழுக்கப் படித்துப் படித்து, பழைய ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து, இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஸ்கோர் சொல்வேன் :-)

அந்த ஆள் வின்ஸ் யங். டெக்சாஸ் பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக். சீசன் 2005.

ஏன் இந்தப் பைத்தியம் என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்காக ரெண்டே வரி. பந்து கையில் இருக்கிற அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்கு வரும். அவர் ஓடுகிறவனிடம் கொடுக்கலாம், தானே ஓடலாம், தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கிற ரிசீவருக்கு எறியலாம். யோசிக்க ரெண்டு மூணு செகண்டுதான் கிடைக்கும். அதற்குள் நூற்றைம்பது கிலோ ஆசாமிகள் மேலே வந்து விழுவார்கள். நம்ம ஊர் கிரிக்கெட்டில் கேப்டன், ஓப்பனிங் பேட்ஸ்மேன், விக்கெட் கீப்பர் மூணும் ஒரே ஆளாக இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வேலை.

வின்ஸ் யங் ஹூஸ்டன் பையன். ஆறடி அஞ்சு அங்குலம். ஓட ஆரம்பித்தால் யாராலும் பிடிக்க முடியாது. பிரச்சினை எறிவதில். மற்ற குவார்ட்டர்பேக்குகள் பந்தைக் காதுக்கு மேலே கொண்டுபோய் எறிவார்கள். இவர் கை கீழேயே இருக்கும், பக்கவாட்டில் தள்ளிவிடுகிற மாதிரி இருக்கும். பார்க்க அழகாகவே இருக்காது. 2004 சீசனில் டச்டவுன் பாஸ் 12, எதிரணி கையில் கொடுத்த இன்டர்செப்ஷன் 11. கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று! அந்த வருஷம் ஓக்லஹோமாவிடம் 12-0 என்று தோற்றார்கள். அடுத்த வாரம் மிசோரி ஆட்டத்தில் பாதியிலேயே வேறு குவார்ட்டர்பேக்கை இறக்கினார்கள். இவனுக்கு எறியவே வராது, பேசாமல் ரிசீவராக மாற்றிவிடுங்கள் என்று ஊரே பேசியது.

ஆனால் அதே சீசனில் இன்னொரு ஆட்டம் இருக்கிறது. ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு எதிராக 35-7 என்று பின்தங்கியிருந்தார்கள். முடிவு 56-35, ஜெயித்தது டெக்சாஸ். வரிசையாக 49 பாயிண்ட்! சீசன் கடைசியில் 2005 ஜனவரி 1 ரோஸ் பௌலில் மிச்சிகனை 38-37 என்று ஜெயித்தார்கள். யங் ஓடியே நாலு டச்டவுன்.

ஆக, 2005 சீசன் ஆரம்பிக்கும் முன்னாடி கேள்வி இதுதான்: இந்த ஆள் தலைவன் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் எறியத் தெரியாத தலைவனை வைத்துக்கொண்டு சாம்பியன் ஆக முடியுமா?

இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு என் கதைக்கு வருகிறேன்.

நான் இங்கே மாஸ்டர்ஸ் படிக்கிறேன். போன செமஸ்டர் இளநிலை மாணவர்களுக்கு சர்க்யூட்ஸ் லேப் எடுக்கிற டி.ஏ. வேலை. அந்தச் சம்பளம்தான் என் சாப்பாடு, வாடகை, பாதி ஃபீஸ் எல்லாமே. மே மாசம் மாணவர்கள் எழுதிய மதிப்பீடு வந்தது. 22 பேரில் ஒன்பது பேர் ஒரே விஷயத்தை வேறு வேறு வார்த்தையில் எழுதியிருந்தார்கள். நல்லவர், பொறுமைசாலி, லேட்டானாலும் கூட இருந்து உதவுவார், ஆனால் பேசுவது புரியவில்லை. ஒருத்தர் இன்னும் ஒரு படி மேலே போய், போர்டில் எழுதினால் புரிகிறது, வாயைத் திறந்தால்தான் குழப்பம் என்று எழுதியிருந்தார்.

பேராசிரியர் கூப்பிட்டு ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். அடுத்த செமஸ்டரும் உனக்குத் தருகிறேன், ஆனால் இது சரியாகணும் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ஊரில் அம்மாவிடம் போனில் "எல்லாம் நல்லா போகுதும்மா" என்று சொல்லிவிட்டு ராத்திரி தூங்கவில்லை. ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். காலேஜில் கஷ்டப்பட்டு ஏற்றிக்கொண்ட இங்கிலீஷ். என் நாக்கே இப்படித்தான், இதை இருபத்து மூணு வயசில் எங்கே போய் மாற்றுவது?

இதை லேபில் கூட வேலை பார்க்கிற ஹூஸ்டன்காரனிடம் புலம்பினேன். அவன் ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. வின்ஸ் யங் தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றதும் செத்துப்போன மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, 2006 ரோஸ் பௌல் முழு ஆட்டத்தையும் உட்கார வைத்துக் காட்டினான். அப்படி ஆரம்பித்த பைத்தியம்தான் இது.

சரி, மேட்டருக்கு வருவோம். 2005 சீசனுக்கு முன்னாடி என்ன நடந்தது?

ஒன்று, கோச்சுகள் அவருடைய எறிகிற பாணியை மாற்றுகிற முயற்சியை விட்டுவிட்டார்கள். தலைமை கோச் மேக் ப்ரவுன் அவரை அவர் போக்கிலேயே ஆடவிட்டார். பார்க்க அழகாக இல்லாவிட்டால் என்ன, பந்து போய்ச் சேருகிறதா என்பதுதானே கணக்கு.

ரெண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. அப்போதைய விதிப்படி சம்மரில் கோச்சுகள் மைதானத்தில் நின்று பயிற்சி கொடுக்கக்கூடாது. பசங்களாக வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த சீசனின் ரெண்டாவது ஆட்டமே ஒஹாயோ ஸ்டேட், அதுவும் அவர்கள் ஊரில். ஒஹாயோ ஸ்டேட்டை ஜெயிக்க ஆசை இருக்கிறவன் தினமும் ஏழு மணிக்கு மைதானத்துக்கு வரலாம் என்ற பொருளில் யங் டிரெஸ்ஸிங் ரூம் போர்டில் எழுதிப் போட்டாராம். வந்தார்கள். டெக்சாஸ் வெயிலில் தினமும் அதே ரிசீவர்களுக்கு அதே பாஸ்கள்.

நான் இதை முதலில் படித்தபோது, ஆஹா தலைமைப் பண்பு என்று மட்டும்தான் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த ஏழு மணி பிராக்டிஸ் தலைமைக்கும் பயிற்சி, எறிவதற்கும் பயிற்சி. ரெண்டும் ஒண்ணுதான். ஏனென்றால் பாஸ் என்பது ஒருத்தர் செய்கிற காரியம் இல்லை. ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னாடியே பந்து கையை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். இவன் இங்கே எறிவான் என்று அவனுக்குத் தெரியணும், அவன் அங்கே இருப்பான் என்று இவனுக்குத் தெரியணும். கை பக்கவாட்டில் வந்தால் என்ன, பந்து எங்கேயிருந்து வரும் என்று பிடிக்கிறவனுக்குப் பழகிவிட்டால் போதும்.

செப்டம்பர் 10, கொலம்பஸ். ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம், முக்கால்வாசி எதிரிக் கூட்டம். 22-16 என்று பின்னால் இருக்கிறார்கள். இன்னும் 2 நிமிஷம் 37 செகண்ட் பாக்கி. யங் எறிகிறார், 24 யார்டு, லைமஸ் ஸ்வீட் கையில் போய் உட்காருகிறது. ஓடி வாங்கிய டச்டவுன் இல்லை சாமி, எறிந்து வாங்கியது! முடிவு 25-22.

அந்த சீசன் முழுக்க 13 ஆட்டம், 13 வெற்றி. அஞ்சு வருஷமாகத் தோற்கடித்த ஓக்லஹோமாவை 45-12 என்று ஊதித் தள்ளினார்கள். யங் எறிந்தது 3,036 யார்டு, டச்டவுன் பாஸ் 26, இன்டர்செப்ஷன் 10. முந்தைய வருஷத்து 12-11ஐ ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். கூடவே 1,050 யார்டு ஓட்டம் வேறு. 2006 ஜனவரி 4 ரோஸ் பௌலில் 34 ஆட்டம் வரிசையாக ஜெயித்திருந்த யு.எஸ்.சி. அணி. ஏழு நிமிஷம்கூட இல்லாதபோது 38-26 என்று பின்னால் இருந்தவர்கள் 41-38 என்று ஜெயித்தார்கள். 19 செகண்ட் பாக்கி இருக்கும்போது நாலாவது வாய்ப்பில் யங் மூலையை நோக்கி ஓடுகிற அந்தக் காட்சியைத்தான் எல்லாரும் போட்டுக் காட்டுவார்கள். நான் சொல்வது வேறு. அன்றைக்கு அவர் 40 பாஸ் எறிந்தார், 30 போய்ச் சேர்ந்தது.

இதோடு முடித்தால் நல்ல சினிமா. ஆனால் முடியவில்லை. 2006இல் என்.எஃப்.எல்லில் மூணாவது ஆளாக எடுக்கப்பட்டார், அந்த வருஷத்துச் சிறந்த புதுமுக விருதும் வாங்கினார். அப்புறம் சறுக்கல். 2011க்குப் பிறகு சீசன் ஆட்டம் எதிலும் ஆடவில்லை. மொத்தக் கணக்கு 46 டச்டவுன் பாஸ், 51 இன்டர்செப்ஷன். அவனுக்கு எறிய வராது என்று 2004இல் சொன்னவர்கள் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது. இதை ஹூஸ்டன்காரனிடம் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "2005 நடந்ததா இல்லையா?" என்றான். நடந்தது. அதையும் யாரும் அழிக்க முடியாது.

எனக்கும் அவ்வளவுதான் வேண்டும். வாழ்நாள் முழுக்க அமெரிக்கன் மாதிரி பேச வேண்டாம். இந்த செமஸ்டர், இந்த 22 பேருக்குப் புரிந்தால் போதும்.

ஜூலையிலிருந்து நானும் ஏழு மணி பிராக்டிஸ் வைத்திருக்கிறேன். காலி லேபில் போர்டு முன்னாடி நின்று நான் பாடம் நடத்துவேன், ஹூஸ்டன்காரன் கடைசி பெஞ்சில் பீட்சா தின்றுகொண்டு கேட்பான் (பீட்சா என் செலவு). புரியாத இடத்தில் கையைத் தூக்குவான். முதல் நாள் கை கீழே இறங்கவே இல்லை. ஒரு வாரம் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. அவனுக்கு இடித்தது என் உச்சரிப்பு இல்லை, என் வேகம். பயத்தில் நான் எக்ஸ்பிரஸ் மாதிரி ஓடுகிறேன். அப்புறம் அழுத்தம். கபாசிட்டர் என்ற வார்த்தையில் நான் முதல் எழுத்தில் அழுத்துகிறேன், அவன் ரெண்டாவதில் எதிர்பார்க்கிறான். நான் எறிவது ஓரிடம், அவன் நிற்பது வேறு இடம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை என்று பட்டியல் போட்டுப் பழகுகிறோம். இப்போது ஒரு மணி நேரத்தில் நாலஞ்சு தடவைதான் கை தூக்குகிறான்.

இன்னொன்றும் முடிவு பண்ணியிருக்கிறேன். போன வருஷம் என் தப்பு, புரியவில்லை என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று பயந்து பயந்து பேசியது. இந்தத் தடவை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடப் போகிறேன்: என் இங்கிலீஷ் இப்படித்தான் இருக்கும், புரியாவிட்டால் உடனே கையைத் தூக்குங்கள், நான் திரும்பச் சொல்கிறேன், ரெண்டு வாரத்தில் நமக்குப் பழகிவிடும்.

வருகிற திங்கட்கிழமை முதல் லேப். வயிற்றில் இப்போதே பட்டாம்பூச்சி இல்லை, பெருச்சாளியே ஓடுகிறது. என்ன ஆச்சு என்று டிசம்பரில் மதிப்பீடு வந்ததும் எழுதுகிறேன். ஒன்பது பேர் நாலு பேராகக் குறைந்தால்கூட எனக்கு அது ரோஸ் பௌல்தான்.