எழுபது ரூபாத் தண்ணி

கட்டைபறிச்சான் எண்ட ஊரில ஒரு கடை.
அரை லீற்றர் தண்ணிப் போத்தல் 100 ரூபாயாம்.
முன்னுக்கு நிண்ட ஆச்சி ஒண்டும் பேசாம காசை எண்ணிக் குடுத்தா.
எனக்கு நெஞ்சு பொறுக்கேல்ல.

2025 ஏப்ரல் 1 தொடக்கம் அந்தப் போத்தலுக்கு உச்ச விலை 70 ரூபா.
இலங்கை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானியில போட்டது.
கூட்டி வித்தா தனி ஆளுக்குக் குறைஞ்சது ஒரு லட்சம் தண்டம். கம்பனியெண்டா 5 லட்சத்தில இருந்து 50 லட்சம் வரைக்கும்.
2021இல திருத்தின சட்டம் இது.

விலை விசயத்தில வேற நாட்டிலயும் கடையளைக் கோட்டுக்கு இழுக்கிறாங்க. அவுஸ்திரேலியாவில 2024 செப்டெம்பரில கோல்ஸ், வூல்வேர்த்ஸ் ரெண்டு பெரிய கடையளுக்கும் எதிரா அங்கத்த போட்டி, நுகர்வோர் ஆணைக்குழு வழக்குப் போட்டது.
விலையைக் கூட்டிப்போட்டு, பிறகு கொஞ்சம் இறக்கி, "விலை குறைச்சிட்டம்" எண்டு காட்டினாங்க எண்டு குற்றச்சாட்டு.

நம்மட நாட்டிலயும் சட்டம் இருக்கு.
ஆனா ஊருக்குள்ள ஒண்டு ரெண்டு கடைதான். மாசக் கடைசியில கடனுக்கும் அங்கதான் போகோணும். ஆச்சி எப்பிடி வாய் திறப்பா?

அதிகார சபையின்ர 1977 நம்பருக்கு அடிச்சு முறைப்பாடு குடுக்கலாம்.
உங்கட ஊரில ஆராவது அடிச்சிருக்கிறீங்களா?
பிறகு அந்தக் கடையில உங்களுக்குச் சாமான் குடுத்தாங்களா?