எழுபது இடங்கள்

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக இராஜபாளையம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது கிருஷ்ணன்கோவில். அவ்வூர்ப் பேருந்து நிறுத்தத்தில் மூதாட்டி ஒருவர் தம் கைப்பேசியை அருகில் நின்ற கல்லூரி மாணவியிடம் நீட்டினார்.

"பேங்க்ல இருந்து ஏதோ வந்திருக்கு. என்னன்னு பாரு தாயி."

வந்திருந்தது ஆங்கிலக் குறுஞ்செய்தி: ஆறு இலக்கக் கடவுச்சொல்லும், அதன்கீழ் ஓர் எச்சரிக்கையும்.

தமிழைக் காட்டத் தெரியாத கைப்பேசி அன்று அது. தடை வேறிடத்தில் இருக்கிறது. குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட்டுகள் போதும். ஆதலால் 160 எழுத்துகள் அடங்கும். ஒருங்குறித் தமிழுக்கோ இடம் ஒன்றுக்கு 16 பிட்டுகள் வேண்டும். கிடைப்பவை 70 இடங்களே. அவற்றிலும் உயிர்மெய்யின் துணைக்குறிக்கு ஓரிடம், மெய்யின் புள்ளிக்கு ஓரிடம். 'கிருஷ்ணன்கோவில்' என்னும் எட்டெழுத்துப் பெயர் 15 இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. ஐயமுள்ளோர் எண்ணிப் பார்க்கலாம். எல்லை கடந்த செய்தி பல பகுதிகளாகப் பிரிந்து செல்லும். பகுதிதோறும் அனுப்பும் நிறுவனம் கட்டணம் செலுத்த வேண்டும். ஆங்கிலத்தில் அனுப்பினால் சில காசுகள் மிச்சம். அம்மிச்சத்துக்கு விலை கொடுப்பவர், பேருந்துக்குக் காத்திருக்கும் இம்மூதாட்டி.

மாணவி படித்து முடித்தாள். "பாட்டி, இந்த நம்பரை யார்கிட்டயும் காட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு."

மூதாட்டி கைப்பேசியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அதை உன்கிட்டக் காட்டுனாத்தானே தாயி எனக்குத் தெரியுது?"