கிழவி இட்ட முட்டை

எழுபத்து நான்கு வயதுக் கிழவி ஒருத்தி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தாள் என்றால் நம்புவீர்களா, வாசகர்களே? கட்டுக்கதை அல்ல. காலில் வளையம் மாட்டிக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே மிட்வே என்றொரு தீவுக் கூட்டம். 1956-ல் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவை ஆராய்ச்சியாளர் அங்கே ஓர் ஆல்பட்ராஸ் பறவைக்கு எண் பொறித்த வளையம் மாட்டினார். அப்போதே அது முட்டையிடும் பருவத்தை எட்டியிருந்ததால், வயது ஐந்துக்குக் குறையாது என்று கணக்கு. 2002-ல் அதே மனிதர் அதே பறவையை மறுபடி பிடித்தார்! மனிதர் எண்பதைத் தாண்டிவிட்டார். 2017-ல் காலமும் ஆனார். 'விஸ்டம்' என்று பெயர் சூட்டப்பட்ட அந்தப் பறவையோ, 2024 நவம்பரில் முட்டையிட்டு, 2025 ஜனவரியில் குஞ்சு பொரித்தது.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. பறவையின் உடல் நம்முடையதைவிடச் சூடானது; இதயமும் படபடவென்று அடிக்கிறது. ஓயாமல் ஓடும் யந்திரம் சீக்கிரம் தேய வேண்டாமா? ஆனால், எவ்வளவு சீராட்டி வளர்த்தாலும் சுண்டெலி மூன்று வருஷத்தில் மூப்படைந்து மடிகிறது. அதே எடையுள்ள கானரிப் பறவை கூண்டில் பத்து வருஷம் பாடுகிறது!

பீட்டர் மெடாவர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1952-ல் பிரசுரித்த சொற்பொழிவில் இதற்கு வழி காட்டினார். பூனை, பாம்பு, ஆந்தை எல்லாவற்றுக்கும் தப்பி மூன்றாம் வருஷத்தைக் காணும் எலி எத்தனை? அந்த வயதில் தலைகாட்டும் கோளாறுகளை இயற்கை களைவதே இல்லை. அதற்குள் சந்ததி பிறந்துவிடுகிறது. பறவைக்கோ ஆபத்து வந்தால் பறந்துவிட முடியும். நெடுநாள் பிழைத்துப் பல குஞ்சுகள் பொரிக்க வாய்ப்பு இருப்பதால், உடம்பைப் பழுது பார்த்துக்கொள்வது அதற்கு லாபம். சாட்சி வேண்டுமா? எலியைவிடச் சிறிய சைபீரிய வௌவால் ஒன்று 41 வருஷம் வாழ்ந்திருக்கிறது. அதற்கும் இறக்கை உண்டு அல்லவா!

ஆக, மூப்பு என்பது தண்டனையும் அல்ல, வெறும் தேய்மானமும் அல்ல. ஒரு வயதுக்கு மேல் இயற்கை நம்மைக் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

என் தாயாருக்கும் எழுபத்து நான்கு. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"குஞ்சுக்கு யார் இரை தேடுவது?" என்று கேட்டாள்.

"தாயும் தகப்பனும் மாறி மாறிக் கடலில் நூற்றுக்கணக்கான மைல் பறந்து போய்க் கொண்டுவர வேண்டும்."

"ஐயோ பாவம், இந்த வயசிலுமா?" என்றபடி, எனக்குக் காப்பி கலக்க முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ உட்காரம்மா" என்று சொல்லிவிட்டு, அடுக்களைக்கு நான் போனேன்.