வாசிக்காமல் வழங்கிய தீர்ப்பு



பள்ளி விடுமுறை நெருங்கினால் பெற்றோர் நம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உஸ்தாத், இந்த நாவலைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?" மத்ரஸாவில் பாடம் நடத்துபவர் என்பதால் நம் சொல்லை அவர்கள் ஃபத்வாவைப் போலவே ஏற்றுக்கொள்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் ஒருமுறை தகுதியற்றவராக நடந்துகொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்பு படிக்கும் தம் மகளின் கையிலிருந்த தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யைப் பற்றி ஒரு தாய் கேட்டார். அது மார்க்கத்தை இழிவுபடுத்தும் நூல் என்று எவரோ சொன்னது நம் நினைவில் இருந்தது. "வேண்டாம்மா" என்றோம். பாதி வாசித்திருந்த நூலை அந்தப் பிள்ளை மறுநாளே நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பின்னொரு நாள் வகுப்பில் அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தை விளக்கிக்கொண்டிருந்தோம். வந்த செய்தியைத் தீர விசாரிக்காமல் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரக்கூடாது என்று எச்சரிக்கும் வசனம் அது. அவள் எழுந்து மெதுவாகக் கேட்டாள்: "உஸ்தாத், அந்த நாவலை நீங்கள் வாசித்தீர்களா?"

"இல்லை" என்பதைத் தவிர நம்மிடம் வேறு பதில் இல்லை.

அந்த வாரமே அதை வாசித்து முடித்தோம். 1988இல் நூலாக வந்த அந்நாவலில் ஊரை அடக்கியாளும் முதலாளி இருக்கிறார். மக்களின் அறியாமையில் பிழைக்கும் தங்ஙள் இருக்கிறார். ஆங்கிலப் பள்ளிக்கு எழும் எதிர்ப்பு இருக்கிறது. அது சாடுவது மார்க்கத்தை அன்று; மார்க்கத்தின் பெயரால் நடக்கும் ஏமாற்றையே என்பது நம் புரிதல். வளர்ந்தோருக்குரிய பகுதிகளும் அதில் உண்டு. ஆகவே, "உம்மாவும் மகளும் சேர்ந்து வாசியுங்கள்" என்றே நாம் சொல்லியிருக்க வேண்டும்.

தீமை இடம்பெறும் கதையே கூடாது என்போர் சூரா யூசுஃபை எண்ணிப் பார்க்கட்டும். சகோதரர்களின் பொறாமை, சட்டையில் பூசிய பொய் இரத்தம், அஜீஸின் மனைவியின் சூழ்ச்சி, சிறை ஆகிய அனைத்தையும் நம் பிள்ளைகள் ஓதியே வளர்கிறார்கள். இறைவேதத்தை மனிதக் கற்பனையோடு ஒப்பிடவில்லை. அளவுகோலை அங்கிருந்து கற்கிறோம். பாவம் அங்கே சொல்லப்படுகிறது, ஆனால் இனிப்பாக்கப்படவில்லை.

நாவலும் நமக்கு அந்நியமன்று. இலங்கையின் சித்தி லெப்பை 1885இலேயே 'அசன்பே சரித்திரம்' எழுதினார். நாகூரின் சித்தி ஜுனைதா பேகத்தின் 'காதலா? கடமையா?' 1938இல் வெளிவந்தது.

இன்று நாம் நூல்களை மூன்றாக வகுக்கிறோம்: தாராளமாகக் கொடுக்கலாம், பெற்றோருடன் வாசிக்கலாம், சில ஆண்டுகள் பொறுக்கலாம். பாவத்தை அழகாக்குகிறதா, பிறர் துன்பத்தை உணர்த்துகிறதா, மூடி வைத்தபின் உள்ளத்தில் எதை விட்டுச் செல்கிறது என்பவையே நம் கேள்விகள். முழுமையாக வாசிக்காத நூலைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நம் தவறை அந்தப் பிள்ளையிடம் ஒப்புக்கொண்டோம். அவள் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அன்றிலிருந்து என்ன வாசிக்கிறேன் என்று உம்மாவிடம் சொல்வதில்லை, உஸ்தாத்."

நம் ஒரு சொல் அந்த வீட்டில் மூடிய கதவு அது. பிள்ளைகள் நம்மிடம் மறைக்காமல் வாசிக்கும் இல்லங்களை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.