அஞ்சறைப் பெட்டி

சமையற்கட்டில் அடுப்புக்கு அருகே அஞ்சறைப் பெட்டி இருக்கும். எண்ணெய் காய்ந்த பிறகு கடுகைத் தேடி ஓட முடியுமா? ஆராய்ச்சி மாணவனாகிய எனக்கும் அத்தகைய பெட்டி ஒன்று உண்டு. ஆழ்கற்றலுக்கும் காணொளி வேலைக்கும் அடிக்கடி வேண்டிய நிரல் துணுக்குகளை அதில் சேர்த்து வைத்திருக்கின்றேன். நம் மன்றத்துத் தோழர்கள் பலர் இத்துறையில் புதிதாய் அடியெடுத்து வைப்பதால், அதன் ஐந்து அறைகளையும் இங்கே திறந்து காட்ட விழைகின்றேன்.

நான் இத்துறைக்கு வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகின்றேன். என் தம்பி காது கேளாதவன். அவன் பேச்செல்லாம் கைகளில்தான். அதைக் கணிப்பொறி புரிந்துகொண்டால், வங்கியிலும் மருத்துவமனையிலும் பிறர் துணையின்றி அவன் தன் கருத்தை உணர்த்தலாமன்றோ? அந்த ஆசையே என்னைச் சைகை மொழிக் காணொளிகளின் பக்கம் இழுத்தது.

முதல் அறை, காணொளியைப் படங்களாகப் பிரிப்பது. 2000-ஆம் ஆண்டில் பேப்ரிஸ் பெல்லார்டு தொடங்கிய எப்எப்எம்பெக் என்னும் இலவச மென்பொருள் இதனை ஒரே கட்டளையில் செய்து தரும். நொடிக்கு ஒரு படம் போதுமென்று எடுப்பவர் உண்டு. வண்டிகள் நின்றிருக்கும் தெருவுக்கு அது போதும், விரல்களுக்குப் போதாது. நொடிக்கு 25 படங்கள் ஓடும் காணொளியில், கால் நொடியில் முடியும் சைகை ஆறு படங்களில் அடங்கிவிடும். நொடிக்கு ஒன்று எடுத்தால் தம்பி சொன்ன சொல்லே காணாமற் போகும்.

இரண்டாம் அறை, அளவைச் சுருக்குவது. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படம், புள்ளிக்கு மூன்று பைட்டு வீதம், 62,20,800 பைட்டுகளாகும். ஒரு நிமிடத்திற்கு 1,500 படங்கள். 933 கோடி பைட்டுகள்! நம் கணிப்பொறி தாங்குமா? எனவே ஒவ்வொரு படமாகப் படித்து, 224க்கு 224 எனச் சுருக்கிவிட்டு, பெரிய படத்தை உடனே விட்டுவிட வேண்டும். சுருங்கிய படம் 1,50,528 பைட்டுகளே. ஆனால் முகமும் கைகளும் உள்ள பகுதியை முன்னதாகவே வெட்டியெடுத்துக்கொள்க. இல்லையேல் விரல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

மூன்றாம் அறை, நிறவரிசையை மாற்றும் ஒற்றை வரி. ஓப்பன்சிவி நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் படத்தைத் தரும். பயிற்சி பெற்ற மாதிரிகளில் பல, சிவப்பை முதலில் எதிர்பார்க்கும். மாற்றாமல் கொடுத்தால் கணிப்பொறி பிழையென்று கூவாது. விடைதான் ஓசையின்றிக் கெடும்.

நான்காம் அறை, அச்சுகளின் வரிசை. ஓப்பன்சிவி உயரம், அகலம், நிறம் என வைக்கும். பைடார்ச் நிறம், உயரம், அகலம் எனக் கேட்கும். பர்ம்யூட் என்னும் கட்டளை இதைச் சரிசெய்யும்.

ஐந்தாம் அறையில் இரண்டு வரிகள். சோதிக்கும் வேளையில் மாதிரியை ஈவல் நிலைக்கு மாற்றுவது ஒன்று. நோ-கிராட் என்று அறிவிப்பது மற்றொன்று. முன்னது பயிற்சிக்கால நடத்தையை நிறுத்தும். பின்னது வேண்டாத கணக்குகளைச் சேமிக்காமல் நினைவகத்தைக் காக்கும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து ஒட்டுதல் தகாது. என் பெட்டியில் ஒவ்வொரு துணுக்கின் கீழும் 'இது எதற்கு?' என்பதற்குத் தமிழில் விடை எழுதியிருக்கின்றேன். தாய்மொழியில் காரணம் சொல்ல வராத ஒன்றை நான் விளங்கிக்கொண்டதாகக் கருதுவதில்லை.

என் மாதிரி இன்று சில சொற்களையே அறியும். 'வயிறு வலிக்கிறது' என்று தம்பி மருத்துவரிடம் சொல்வதை அது இன்னும் அறியாது. வழி நெடிது, தனியே நடக்கத்தக்க வழியும் அன்று.

ஆதலின் தோழர்களே, நம் மன்றத்திற்கு ஒரு பொதுப் பெட்டி அமைப்போம். தமிழ்வழியில் படித்துவிட்டு முதன்முறையாக இவ்வூர் வந்து, யாரைக் கேட்பது என்று தயங்கி நிற்கும் தம்பியும் தங்கையும் அதைத் திறந்து பார்க்கட்டும். நீங்கள் அறிந்த ஒரு வரியை, அதன் காரணத்தோடு, அதில் இடுங்கள்.