புட் அப்

அலுவலகத்தில் கோப்பை அதிகாரி பார்வைக்கு வைப்பதை 'புட் அப்' என்பார்கள். கட், நட் என்று படித்துவிட்டு வந்த நான் முதல் நாள் 'பட் அப்' என்றேன். "பட் இல்லை தம்பி, புட். ஒரு டி-தான். இரண்டு டி போட்டால்தான் பட், அது கோல்ஃப் பந்தைத் தட்டுவது" என்று திருத்தினார் தலைமை எழுத்தர்.

உச்சரிப்பும் எழுத்தும் படிந்துவிட்டன. வினைதான் காலை வாரியது.

அரியலூர் 2001-ல் தனி மாவட்டமானது. 2002-ல் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007-ல் மறுபடி பிரிந்தது. அந்தப் பிரிவினையின்போது கட்டுக்கட்டாகக் கோப்புகள் கைமாறின. ஓர் அம்மாவின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு என் மேசைக்கு வந்தது. ஓரத்தில் பென்சிலில் 'புட் அப்'. ஏற்கெனவே வைத்தாகிவிட்டது என்று நினைத்து அலமாரியில் அடுக்கிவிட்டேன். அதிகாரியோ வைக்கச் சொல்லி எழுதியிருந்தார்!

புட், புட், புட் என்று பள்ளியில் ஒப்பித்தவன்தான் நான். ஏவலும் அதே சொல், இறந்தகாலமும் அதே சொல் என்பது அன்றுதான் உறைத்தது. அதற்குள் அந்த அம்மா ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் ஏறி மூன்று முறை வந்து போயிருந்தார்.

தமிழில் 'வை' என்றால் கட்டளை. 'வைத்தேன்' என்றால் வேலை முடிந்தது; முடித்தவன் நான் என்பதும் அதிலேயே இருக்கிறது. அதன்பிறகு ஓய்வுபெறும்வரை 'வைத்தேன்' என்று தேதி போட்டுத்தான் எழுதினேன்.

கடைசியில் பணம் வந்ததும் அந்த அம்மா எனக்கே நன்றி சொன்னார். தவறு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. இன்று சொல்லிவிட்டேன்.