நூலகத்தில் ஏறி, லோயர் கேம்ப்பில் இறங்கி

நாங்கள் போன அன்று வெள்ளிக்கிழமை. கிளை நூலகத்தின் இரும்புக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் என் முகத்தைப் பார்த்தாள். பள்ளி விட்டதும் ஓடிவந்து, விளக்கணைக்கும்வரை நான் உட்கார்ந்திருந்த இடம் அது. வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பது அப்போது எனக்கு மனப்பாடம். இப்போது பூட்டைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. எத்தனை வருடமாக இந்தப் பக்கம் வராமல் இருந்திருக்கிறேன் என்பதை அந்தப் பூட்டு சொல்லிவிட்டது.

எங்களுக்குத் தேனி மாவட்டம். பள்ளிக்கூடத்தில் 'எங்கள் மாவட்டம்' என்று எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். இளையராஜா, பாரதிராஜா, வைரமுத்து என்று மூன்று பெயர் எழுதிவிட்டு, அதற்குமேல் ஓடாமல் பேனாவை மூடி வைத்திருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கொடைக்கானலுக்கு மூன்று தடவை கூட்டிப்போயிருக்கிறோம், ஊட்டிக்கு ஒரு தடவை. வைகை அணைப் பூங்காவை விட்டால், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்வரக்கூடிய வேறு எதையும் காட்டியதில்லை. "என்னென்ன இருக்குன்னே தெரியாமப் போயி எதப்பா பாக்குறது?" என்றாள். நியாயமான கேள்வி. அதனால்தான் முதலில் நூலகம் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் இரண்டாம் சனிக்கிழமையாக இல்லாதது நல்லதாயிற்று, கதவு திறந்திருந்தது. வாசலில் வருகைப் பதிவேடு. அதில் கையெழுத்துப் போடும்போது அவளுக்கு ஒரே பெருமை. உள்ளே நீள மேசையில் நாளிதழ்கள் பிரிந்து கிடந்தன. வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், ஒரு காது உடைந்த கண்ணாடியைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, விரலை வரிமேல் ஓட்டிப் படித்துக்கொண்டிருந்தார். சுவரோரம் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் ஐந்தாறு பேர், சோற்று டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாக. யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்காத இடம் இந்தக் காலத்தில் வேறு எங்கே இருக்கிறது?

"காசு எவ்வளவுப்பா?" என்று காதில் கேட்டாள் மகள். உட்கார்ந்து படிக்கக் காசில்லை என்றதும் நம்பவில்லை. அவளுக்குச் சொன்னேன்: ஓசியும் இல்லை. உன் தாத்தா கட்டுகிற வீட்டு வரியில் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நூலக வரியாகச் சேர்ந்து வருகிறது. 1948-இல் சென்னை மாகாணத்தில் போட்ட சட்டம் அதற்கு வழி செய்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று வந்த முதல் சட்டம் அதுதான். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காகப் பல ஆண்டுகள் மன்றாடியவர். ஆகவே இந்த மேசையில் உனக்கும் பங்கு இருக்கிறது, உரிமையோடு உட்கார் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாகவே உட்கார்ந்தாள்.

அன்று எடுத்த இரண்டு புத்தகங்களில் ஒன்று வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. 2003-க்கான சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல். பின்னட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த தேதிச் சீட்டை அவளிடம் காட்டினேன். ஊதா மையில் சாய்ந்தும் நிமிர்ந்தும் விழுந்த முத்திரைகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைசி வரியில் இடமில்லாமல் ஓரத்திலும் குத்தியிருந்தார்கள். முத்திரை ஒவ்வொன்றும் ஒரு வீடு. இந்தப் புத்தகம் போய்த் தங்கிவந்த வீடு. அவள் விரலால் எண்ணத் தொடங்கி இருபத்தெட்டு வரை போனாள். இன்னொன்று இந்தப் பகுதிக் கல்வெட்டுகளைப் பற்றிய மெலிந்த நூல். அதன் சீட்டில் இரண்டே முத்திரை.

முதல் புத்தகம் எங்களை வைகை அணைக்கு அனுப்பியது. அணைக்குப் போகாத ஆள் இந்தப் பக்கம் உண்டா? இரண்டு கரையிலும் பூங்கா, நடுவே பாலம், வெளியே வந்தால் மிளகாய்த்தூள் பிசறி வறுத்த அணைமீன். 1959 ஜனவரி 21 அன்று காமராஜர் திறந்துவைத்தார். அணையின் உயரம் 111 அடி, தேக்குவது 71 அடி. 71 அடியை நெருங்கினால் மதுரைவரை மக்கள் முகம் மலர்ந்துவிடும். இதெல்லாம் பலகையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பலகையில் இல்லாததை அந்த நாவல் சொல்லியிருந்தது. அணைக்காக ஊரையும் காட்டையும் விட்டுப் போன மனிதர்களின் கதை அது. கரையில் நின்று நீரைப் பார்த்தவள், "இதுக்குள்ளதானா அவுக ஊரு?" என்றாள். அதுவரை கையில் இருந்த ஐஸ் உருகி முழங்கை வரை வழிந்ததை அவள் கவனிக்கவில்லை. பூங்காவில் எத்தனை தடவை ஊஞ்சல் ஆடியிருந்தாலும் இந்தக் கேள்வி வந்திருக்காது.

இரண்டாவது புத்தகம் கூட்டிப்போன இடத்தில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆண்டிபட்டி வட்டத்தில், வைகை ஓரமாக, புலிமான்கோம்பை. 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கே தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். 2,000 ஆண்டுக்கும் மேற்பட்டவை. நாடெங்கும் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் இவைதான் மிகப் பழையவை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அவற்றில் ஒன்று, கூடலூரில் மாடு கவர்ந்த பூசலில் மாண்ட அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல். அரசனுக்கு எடுத்ததில்லை. ஆநிரைச் சண்டையில் விழுந்த ஒருவனுக்கு, அவன் பெயர் மறைந்துவிடக் கூடாது என்று ஊரார் எடுத்தது. அந்தக் காலத்திலேயே ஒரு சிற்றூரில் எழுதத் தெரிந்தவர் இருந்தார், வாசிக்க ஆள் வருவார்கள் என்ற நம்பிக்கையும் இருந்தது. எனக்கு இதைவிடப் பெரிய செய்தி இந்த மாவட்டத்தில் கிடையாது. சாலையோரம் நின்று புத்தகத்தில் இருந்த படத்தையும் எதிரே இருந்த மண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அடுத்த ஞாயிறு, தேனியில் கர்னல் ஜான் பென்னிகுயிக் பேருந்து நிலையத்தில் குமுளி பஸ் ஏறினோம். வீரபாண்டி தாண்டி, சின்னமனூர் தாண்டி, உத்தமபாளையம் வந்தபோது கருப்பணசாமி கோயில் பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருப்பதைச் சொன்னேன். திருக்குணகிரி என்பது அதன் பழைய பெயர். இறங்க நேரமில்லை, அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். ஜன்னல் பக்கம் வயல் பச்சை, கம்பத்தை நெருங்க நெருங்கத் திராட்சைப் பந்தல். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும், வருடம் முழுக்க அறுப்பு நடக்கும் திராட்சை இது என்பதும் பக்கத்து இருக்கை அம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. "ஒரு பக்கம் கவாத்து, ஒரு பக்கம் அறுப்பு, எங்களுக்கு ஓய்ச்சலே இல்ல தாயி" என்றார்.

கம்பம் தாண்டியதும் நடத்துநர் "கூடலூர் எல்லாம் எறங்கு" என்று குரல் கொடுத்தார். மகள் சட்டென்று திரும்பினாள். "அப்பா, அந்தக் கல்லுல இருந்த கூடலூர் இதுவா?" கூடல் என்ற பெயர் கொண்ட ஊர்கள் பல உண்டு, ஆனால் இதுவாக இருக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள் என்றேன். அவளுக்கு 'இருக்கலாம்' போதுமானதாக இருந்தது. பஸ் கிளம்பிய பிறகும் கழுத்தைத் திருப்பி அந்த ஊரைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

லோயர் கேம்ப்பில் இறங்கினால், மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்கிவருவது தெரியும். பெரியாற்று நீர் மேற்கே கடலுக்குப் போக வேண்டியது. மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய நீர் அந்தக் குழாய் வழியாக மின் நிலையத்துக்கு வந்து, பிறகு வயலுக்குப் போகிறது. திருவிதாங்கூருடன் 1886-இல் 999 ஆண்டுக்கு ஒப்பந்தம். 1887-இல் பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் தொடங்கிய முல்லைப் பெரியாறு அணை வேலை, வெள்ளம் அடித்துப் போனதையும் காய்ச்சல் ஆட்களைக் கொன்றதையும் தாண்டி 1895-இல் முடிந்தது. சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்த்த சுர்க்கிக் கலவைதான் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த நீரை நம்பிப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது.

2013 ஜனவரி 15-இல், பென்னிகுயிக்கின் பிறந்த நாளில் திறந்த மணிமண்டபத்தில் அவருடைய வெண்கலச் சிலை இருக்கிறது. நாங்கள் போனபோது தலையில் துண்டு கட்டிய விவசாயி ஒருவர், மனைவியோடு வந்து, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, சிலையின் முன் கண்மூடி நின்றார். என் மகளைப் பார்த்து, "நல்லாக் கும்புட்டுக்க தாயி, நாம திங்கிற சோறு இவரு போட்டது" என்றார். அவள் கும்பிட்டாள். பிறகு என்னிடம் வந்து, "அந்தக் காய்ச்சல்ல செத்தவங்களுக்கெல்லாம் கல்லு இருக்காப்பா?" என்று கேட்டாள். அந்தவனுக்கு ஊரார் எடுத்த கல்லை அவள் மறக்கவில்லை. தலைவருக்கு மண்டபம் எழுப்பிய நாம், மண் சுமந்தவர்களின் பெயர்களைத் தேடி எடுத்து ஒரு சுவரில் பொறிக்க வேண்டும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இதைக் கடைசியில் சொல்ல நேர்கிறது: நாங்கள் போன அந்த நூலகத்தில் மழை ஒழுகிய தடம் சுவரெல்லாம் இருக்கிறது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. காலையில் வந்து மாலைவரை உட்கார்ந்து படிக்கும் அந்தப் பெண்கள் தண்ணீர் குடிக்கவே யோசிப்பார்கள். வரி நாம் கொடுக்கிறோம், கேட்கத்தான் போவதில்லை. போகாதவன் எப்படிக் கேட்பான்? ஆயிரம் ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர் ஆகலாம், நான் கட்டினேன். தாழ்ப்பாளைப் பற்றி எழுதியும் கொடுத்தேன். மகள் உறுப்பினர் ஆனாள். கல்வெட்டு நூலின் சீட்டில் மூன்றாவது முத்திரை எங்களுடையது.

தேனிப் பக்கம் வருகிறவர்கள் சுருளிக்கும் கும்பக்கரைக்கும் மேகமலைக்கும் தாராளமாகப் போகட்டும். 2010-இன் கடைசி நாளோடு நின்றுபோன போடி ரயில்கூட 2023 ஜூனில் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது, வருவது சுலபம். இறங்கியதும் அந்த ஊர்க் கிளை நூலகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் புறப்படுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.